சமயவியல் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்?

வேலைவாய்ப்புத் தளங்களில் 'சமயம்' என்று தட்டித் தேடினால் இரண்டு வகை வேலைகள்தான் வரும். ஒன்று, வழிபாட்டு நிறுவனங்களின் நிர்வாகப் பணி. இன்னொன்று, எப்போதாவது தலைகாட்டும் விரிவுரையாளர் பணி. இதைப் பார்த்துவிட்டு மனம் தளர்ந்துபோய் எனக்கு எழுதும் மாணவர்கள் நிறைய. "தப்பான பாடத்தை எடுத்துட்டேனா அக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை. தேடும் சொல்தான் தப்பு. சமயவியல் படித்தவரைத் தேவைப்படும் வேலைகளில் பெரும்பாலானவற்றின் விளம்பரத்தில் சமயம் என்ற சொல்லே இருக்காது.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சமயவியலில் முதுகலை முடித்துவிட்டு, புகலிடம் கோருவோருக்குச் சட்ட உதவி செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் ஆய்வாளராக இருக்கிறேன். ஒருவர் தன் நாட்டை விட்டு ஓடிவந்து புகலிடம் கேட்கிறார் என்றால், அவர் சொல்லும் ஆபத்து அந்த நாட்டில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான தகவலைத் திரட்டி, சரிபார்த்து, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்போடு அறிக்கையாகத் தருவது என் வேலை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கான காரணங்களாக ஐந்தைச் சொல்கிறது: இனம், சமயம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து. அந்த இரண்டாவது காரணம் வரும் கோப்புகள் என் மேசைக்கு வரும்.

அப்படி ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நடுவயதுப் பெண். சொந்த ஊரில் வீட்டுக்குள் ரகசியமாகக் கூடும் ஒரு சிறு கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்திருக்கிறார். நேர்காணல் பதிவைப் படிக்கிறேன். கேள்வி: நான்கு நற்செய்தி நூல்களின் பெயரை வரிசையாகச் சொல்லுங்கள். பதில்: தெரியாது. கேள்வி: பெந்தெகொஸ்தே நாள் எப்போது வரும்? பதில்: தெரியாது. கேள்வி: பிறகு எப்படி உங்களைக் கிறிஸ்தவர் என்கிறீர்கள்? பதில்: நாங்கள் பாடுவோம். ஒருத்தி அழுதால் எல்லோரும் அவள் தலையில் கை வைத்து ஜெபிப்போம். என் மகன் காணாமல் போனபோது எனக்காக அப்படி ஜெபித்தார்கள்.

நேர்காணல் செய்த அதிகாரிக்கு அந்தக் கடைசிப் பதில் ஒரு பொருட்டாகவே படவில்லை. வரிசை தெரியவில்லை, தேதி தெரியவில்லை, எனவே நம்பத்தக்கதல்ல என்று முடிவு எழுதியாகிவிட்டது.

சமயவியலில் முதலாண்டு படித்த யாரும் இங்கே திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள். பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1967இல் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், ஒரு சமயத்தைப் பார்க்க ஏழு பரிமாணங்களைச் சொன்னார். சடங்கு, அனுபவம், கதை, கோட்பாடு, அறநெறி, அமைப்பு, பொருள்கள். இந்த ஏழில் கோட்பாடு ஒன்றே ஒன்று. அந்த அதிகாரி அதை மட்டும் சோதித்துவிட்டு ஆறைக் கைவிட்டிருக்கிறார். அந்தப் பெண்ணின் பதிலிலோ சடங்கும் அனுபவமும் அமைப்பும் கொட்டிக் கிடக்கின்றன. எழுத்தறிவில்லாதவர்கள் நிறைந்த வீட்டுக் குழுக்களில் நம்பிக்கை எப்படிப் பாட்டு வழியாகவும் ஜெபம் வழியாகவும் கைமாறுகிறது என்பதற்கு ஆய்வு நூல்களிலிருந்தும் களச் சான்றுகளிலிருந்தும் ஆதாரம் காட்டி நான் அறிக்கை எழுதினேன். ஐநா அகதிகள் முகமையே 2004 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில், சமய அறிவைத் துருவித் துருவிச் சோதிப்பது எப்போதும் தேவையானதோ பயனுள்ளதோ அல்ல என்றும், ஒருவரின் கல்வி, வயது, பாலினம் போன்றவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞர் அதையும் சேர்த்து மேல்முறையீட்டில் வைத்தார். மறு நேர்காணலுக்கு உத்தரவு வந்தது.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது "நம்பிக்கை என்பது வாழ்வில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் தேவை" என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஆய்வுத் திறன், ஒரு கூடுதல் மொழி, தெளிவாக எழுதத் தெரிந்திருத்தல், இவைதான் விளம்பரத்தில் இருக்கும். சமயவியல் நீங்கள் கூடவே கொண்டுவருவது. ஆகவே மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: யாரோ ஒருவருடைய நம்பிக்கையை இன்னொருவர் புரிந்துகொள்வதைப் பொறுத்து ஒரு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்று தேடுங்கள். அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது. உள்ளே நுழைய இன்னொரு கைத்தொழிலும் வேண்டும்.

தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் வேகோ அருகே 1993இல் நடந்ததைவிடக் கொடிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கிளை தாவீதியர் என்ற சிறு சமயக் குழு ஒரு வளாகத்தில் வாழ்ந்துவந்தது. தலைவர் டேவிட் கொரேஷ். சட்டவிரோத ஆயுதங்கள் இருப்பதாகச் சந்தேகித்து பிப்ரவரி 28இல் அரசு முகவர்கள் உள்ளே நுழைய முயன்றார்கள். துப்பாக்கிச் சண்டையில் நான்கு முகவர்களும் குழுவினர் ஆறு பேரும் இறந்தார்கள். பிறகு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 51 நாள் முற்றுகையிட்டது. பேச்சுவார்த்தைத் தொலைபேசியில் கொரேஷ் மணிக்கணக்கில், பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் உலக முடிவின்போது ஒவ்வொன்றாக உடைக்கப்படும் ஏழு முத்திரைகளைப் பற்றிப் பேசினார். முற்றுகையை நடத்தியவர்களுக்கு அது வெறும் பைபிள் உளறல்.

ஜேம்ஸ் டேபர், பிலிப் ஆர்னால்ட் என்ற இரண்டு விவிலிய அறிஞர்களுக்கு அது உளறலாகத் தெரியவில்லை. கொரேஷ் தன்னையும் தன் ஆட்களையும் ஐந்தாம் முத்திரைக்குள் வைத்துப் பார்க்கிறார் என்று அவர்களுக்குப் புரிந்தது. அந்த முத்திரையில் வருவது, கொல்லப்பட்டவர்கள் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கச் சொல்லப்படும் காட்சி. அப்படியானால் இதே நூலைக் கொண்டே வேறொரு முடிவையும் அவருக்குக் காட்ட முடியும் அல்லவா? அவர்கள் வானொலி வழியாக கொரேஷின் மொழியிலேயே அவரோடு பேசினார்கள். ஏப்ரல் 14இல் கொரேஷ் ஒரு கடிதம் அனுப்பினார். ஏழு முத்திரைகளுக்கும் விளக்கம் எழுதி முடித்து, அது இந்த இருவர் கையில் சேர்ந்ததும் வெளியே வருவதாகச் சொன்னார். இது இன்னொரு காலங்கடத்தல் என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். ஏப்ரல் 19இல் கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டது, தீப்பற்றியது, குழந்தைகள் உட்பட 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பி வந்த ஒரு பெண்ணிடம் இருந்த கணினி வட்டில் முதல் முத்திரைக்கான விளக்கம் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. கொரேஷ் உண்மையிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வந்திருப்பாரா என்பதைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். அதைத் தீர்த்துவைக்க யாராலும் முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சமயச் சமூகவியலாளர் நான்சி அம்மர்மன் உள்ளிட்ட வெளி வல்லுநர்களிடம் அமெரிக்க நீதித்துறை அறிக்கை கேட்டது. 1996இல் மொன்டானாவில் 'ஃப்ரீமென்' என்ற ஆயுதக் குழுவை எஃப்பிஐ சூழ்ந்தபோது சமய அறிஞர்களிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. 81 நாள் கழித்து அது துப்பாக்கிச் சண்டை எதுவும் இல்லாமல் முடிந்தது. அந்த அறிஞர்களால் மட்டும் அப்படி முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் முறை வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களை இரண்டாம் முறை உள்ளே கூப்பிட்டார்கள். சமயவியலால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இந்த இரண்டு சம்பவங்களைத்தான்.

பொதுச் சுகாதாரம் இன்னொரு பெரிய களம், மாணவர்கள் நினைத்தே பார்க்காத களம். 2014இல் கினி, சியரா லியோன், லைபீரியா நாடுகளில் எபோலா பரவியபோது, இறந்தவரின் உடல்தான் மிகவும் ஆபத்தான தொற்றுமூலமாக இருந்தது. உடலைக் கழுவுவதும் தொட்டு விடைகொடுப்பதும் அங்கே இறுதிச் சடங்கின் உயிர்நாடி. ஆரம்பத்தில் உடலைப் பையில் கட்டிக் குடும்பத்தின் கண்ணில் காட்டாமல் எடுத்துப்போனார்கள். லைபீரியத் தலைநகரில் எரிக்கவும் உத்தரவிட்டார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? இறந்தவர்களை மறைத்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள். நோய் இன்னும் பரவியது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் உலக சுகாதார நிறுவனம் புதிய நெறிமுறை கொண்டுவந்தது. மானிடவியலாளர்களும் கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளும் உட்கார்ந்து சேர்ந்து எழுதியது அது. முஸ்லிம் உடலுக்குத் தண்ணீர் இல்லாத உலர் தூய்மைச் சடங்கு செய்யலாம், வெள்ளைத் துணி போர்த்தலாம், குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், ஜெபிக்கலாம், குழியைத் தோண்டலாம், கல்லறையில் பெயர் எழுதலாம். கிருமிக்கு எதிரான கட்டுப்பாட்டில் எதையும் தளர்த்தவில்லை. சடங்கில் எது விட்டுக்கொடுக்கக் கூடியது, எதற்கு மாற்று உண்டு, எதைத் தொட்டால் மனிதர்கள் உடைந்துபோவார்கள் என்று தெரிந்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். பொதுச் சுகாதாரத்தில் ஒரு பட்டயமோ முதுகலையோ சேர்த்துக்கொண்டால் அந்த அறையில் உங்களுக்கும் இடம் கிடைக்கும்.

மருத்துவமனைகளில் ஆன்மிகத் துணை தரும் பணியும் உண்டு. சேப்லின் என்பார்கள். இதைப் பற்றி அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நோயாளியின் சமயம் எதுவாக இருந்தாலும், சமயமே இல்லாதவராக இருந்தாலும், அருகில் உட்கார்ந்து கேட்பது இந்த வேலையின் பெரும்பகுதி. பிரசங்கம் செய்வது அல்ல. 1925இல் ஆன்டன் பாய்சன் என்ற போதகர், மாசசூசெட்ஸில் ஒரு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து, நூல்களைப் படிப்பதுபோல நோயாளிகளையும் படிக்கச் சொன்னார். இன்றைய சேப்லின் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது. அமெரிக்க முறையில் ஓர் அலகுப் பயிற்சி என்பது 400 மணி நேரம். முழுச் சான்றிதழுக்கு நான்கு அலகுகள், அதாவது 1,600 மணி நேரம் வேண்டும். முதுகலைப் படிப்பும் வேண்டும். இன்னொன்றும் கேட்பார்கள், அதைத்தான் மாணவர்கள் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு தவிக்கிறார்கள்: ஏதாவது ஒரு சமய அல்லது மெய்யியல் சமூகம் உங்களை அங்கீகரித்துக் கடிதம் தர வேண்டும். சமயவியல் பட்டம் மட்டும் அதைத் தராது. நம்பிக்கையற்றவர்களுக்கு வழி அடைத்துவிடவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மனிதநேயவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே படித்தவர்கள் மருத்துவமனை, சிறை, ராணுவம் எங்கும் இப்பணியில் இருக்கிறார்கள். இரவுப் பணி உண்டு, மரணம் அன்றாடம் உண்டு. முடிவெடுக்கும் முன் ஒரு மருத்துவமனையில் சில மாதமாவது தன்னார்வலராகப் போய்வாருங்கள்.

அருங்காட்சியகங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு லண்டனில் இருக்கிறது. 1868இல் எத்தியோப்பியாவின் மக்தலாவில் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்த பொருள்களில் 'தாபோத்' என்னும் புனிதப் பலகைகளும் இருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அப்படி 11 தாபோத்கள் உள்ளன. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் குருமார் மட்டுமே அவற்றைப் பார்க்கலாம் என்பது மரபு. ஆகவே அவை காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. ஊழியர்களும் பார்ப்பதில்லை. ஓர் அருங்காட்சியகம், தானும் பார்க்காமல் மற்றவருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருக்கிறது! திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருக்கிறது. திருப்பித் தருவதே நியாயம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் பூர்வகுடிகளின் புனிதப் பொருள்களையும் முன்னோர் எச்சங்களையும் திருப்பித் தர 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அவற்றைக் காட்சிக்கு வைக்கவே அந்த மக்களின் சம்மதம் வேண்டும். அதையொட்டி நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு கூடங்களை மூடியது. இதற்கெல்லாம் அந்தச் சமூகங்களோடு பேச ஆள் வேண்டும், பட்டியலைச் சரிபார்க்க ஆள் வேண்டும், எந்தப் பொருளை யார் தொடலாம், எந்தத் திசையில் வைக்கலாம் என்று கேட்டு எழுதிவைக்க ஆள் வேண்டும். ஆவணக் காப்பியலோ அருங்காட்சியகவியலோ ஒரு வருடம் சேர்த்துப் படித்தால் போதும்.

பள்ளி ஆசிரியர் பணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளில் சமயக் கல்வி கட்டாயப் பாடம். ஆசிரியர் தகுதிப் பயிற்சியும் சேர்ந்தால் நேரடியாக நுழையலாம். சட்டத்துறையிலும் இடமிருக்கிறது. ஞாயிறன்று வேலை செய்ய மறுத்த தபால் ஊழியர் ஒருவரின் வழக்கில் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊழியரின் சமயக் கடமைக்கு இடம்கொடுக்க மறுக்கும் நிறுவனம் கணிசமான கூடுதல் சுமையைக் காட்டியாக வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மனிதவளத் துறைகளுக்கு இந்த விஷயம் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். இதழியல் பற்றிக் கேட்டால், சமயச் செய்திகளுக்கென்றே 1934 முதல் இயங்கும் 'ரிலிஜன் நியூஸ் சர்வீஸ்' மாதிரி அமைப்புகள் சிலவே. பொதுச் செய்தியாளராகப் போய் அங்கே இந்தப் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் நடைமுறை.

பேராசிரியர் ஆக விரும்புகிறவர்களிடம் நான் பூசி மெழுகுவதில்லை. முனைவர் பட்டம், அதற்கு மூலமொழிகள் இரண்டு மூன்று, பிறகு தற்காலிகப் பணிகள். நிரந்தர இடம் மிகக் குறைவு. அந்த ஆய்வே உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் போங்கள், அந்த வருடங்களே பயன்தான் என்று நினைக்க முடிந்தால் போங்கள். 'வேறு வேலை கிடைக்காது' என்பதற்காகப் போகாதீர்கள்.

சரி, படித்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? மொழி. முதலில் மொழி. நூலைப் படிக்க ஒரு மொழி, மனிதர்களிடம் பேச ஒரு மொழி. சமஸ்கிருதமோ அரபியோ எபிரேயமோ படிப்பவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். என் துறையில் இரண்டாவதுதான் சோறு போடுகிறது. அப்புறம் களப்பணி முறைகளில் ஒரு தாள், புள்ளியியலில் ஒரு தாள். புள்ளியியல் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கருத்துக்கணிப்பிலும் ஒருவரின் சமயத்தை எப்படிக் கேட்பது என்பதிலேயே பெரிய ஆய்வு உலகம் இருக்கிறது. நான் செய்யும் இந்த நாட்டுத் தகவல் ஆய்வில் ஆர்வமிருந்தால், ஆஸ்திரியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் 'அக்கார்டு' பிரிவு பயிற்சிக் கையேட்டை இலவசமாகவே தருகிறது. தகவல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு பழையது, இன்னொரு தனி மூலத்தால் உறுதியாகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். எந்த வேலைக்கும் உதவும்.

நேர்முகத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "நீங்கள் பக்தரா?" சில இடங்களில் சட்டப்படி கேட்கக்கூடாது, ஆனாலும் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இதற்காகச் சங்கடப்பட வேண்டாம். நீங்கள் பக்தராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்னோடு வேலை செய்பவர்களில் இரண்டும் உண்டு, அறிக்கையைப் படித்து யார் எது என்று சொல்ல முடியாது. "ஒரு சமூகம் தன் நம்பிக்கையை எப்படிச் சொல்கிறதோ அப்படியே கேட்டு, அதைப் பகிராத ஒருவருக்கும் புரியும்படி எழுதப் பயின்றிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் எழுதிய ஒன்றைக் கொடுங்கள்.

அந்த 'ஒன்று' கையில் இருக்க வேண்டும். உங்கள் ஆய்வேட்டை இரண்டே பக்கத்தில் திரும்ப எழுதுங்கள். கோட்பாட்டு விவாதத்தை எடுத்துவிடுங்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன பார்த்தீர்கள், பொதுவாக எல்லோரும் நினைப்பதிலிருந்து அது எங்கே மாறுபட்டது, இதைத் தெரிந்துகொண்டால் ஒரு மருத்துவரோ நீதிபதியோ ஆசிரியரோ எதை வேறு மாதிரி செய்வார் என்பதை மட்டும் எழுதுங்கள். பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது மதிப்பெண் பட்டியலை அல்ல, இந்த இரண்டு பக்கத்தைத்தான். எழுதியவர்கள் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துவிட்டுக் குறிப்பு எழுதித் தருகிறேன்.